புற்றுநோய் சிகிச்சையின்போது உடல் எடை கரையாமல் உணவு கொடுப்பது எப்படி?

கீமோதெரபியோ கதிர்வீச்சோ எடுத்துக்கொள்பவருக்குப் பெரும்பாலான வீடுகளில் முதலில் கொடுப்பது கஞ்சிதான். விழுங்க எளிது, வயிற்றுக்கு இதம் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் வடிகட்டிய நீர்த்த கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் என்பதால், வயிறு நிறைந்த பிறகும் உடல் பட்டினியாகவே கிடக்கிறது.

வாரம் ஒரு நாள், காலை உணவுக்கு முன், ஒரே இயந்திரத்தில் எடை பார்த்துத் தேதியுடன் குறித்து வையுங்கள். 6 மாதங்களுக்குள் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 கிலோவுக்கும் கீழே இறங்கினால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் எடை குறைந்தது இயந்திரத்தில் தெரியாது; அப்போது கழன்று விழும் மோதிரமும் துருத்தும் தோள் எலும்பும்தான் அடையாளம்.

இந்த மெலிவுக்குச் சாப்பாடு குறைவது மட்டும் காரணமன்று. நோயால் உடலில் உண்டாகும் அழற்சி, பசியை அடக்குவதோடு தசைப் புரதத்தையும் சிதைக்கிறது. ஆகவே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவைப்படும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் புரத அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அதே கஞ்சியை இப்படிச் செய்து பாருங்கள். 50 கிராம் அரிசி நொய்யுடன் 25 கிராம் வறுத்த பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, வடிகட்டாமல் மசித்து, 2 தேக்கரண்டி நெய்யும் 2 மேசைக்கரண்டி பால் பவுடரும் கலந்தால், ஏறக்குறைய 400 கலோரியும் 12 கிராமுக்குக் குறையாத புரதமும் கிடைக்கும். ஒரே வேளையில் முடியாவிட்டால், பாதியைக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து நன்றாகச் சுடவைத்துக் கொடுக்கலாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் அரைவேக்காட்டு முட்டை, வெளியில் வாங்கிய சட்னி, கழுவாத பழம் ஆகியவை வேண்டாம்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். பலருக்குக் காலையில்தான் பசி சற்றுத் தெளிவாக இருக்கும் என்பதால், முட்டையையோ பன்னீரையோ அப்போதே கொடுத்துவிடுவது நல்லது. தாளிக்கும் வாசனை குமட்டினால், அவர் வேறு அறையில் இருக்கும்போது சமைத்து, உணவை ஆறவைத்துப் பரிமாறுங்கள். வாய்ப்புண் இருந்தால் காரமும் புளியும் தவிர்த்து, தயிர்சாதத்தை மையக் குழைத்துக் கொடுங்கள். வாயில் இரும்புச் சுவை தட்டுவதாகச் சொன்னால், எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் அல்லது மரக் கரண்டி உதவக்கூடும்.

சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்று உறவினர்கள் சொல்லக் கேட்டு, சோற்றையும் பழத்தையும் நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆதாரமில்லை, கட்டிக்கு முன்னால் நோயாளிதான் மெலிந்துபோவார். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் தங்கள் கட்டுப்பாட்டைத் தொடரட்டும்.

இவ்வளவும் செய்தும் விழுங்க முடியாதபோது, மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் பொருத்தி உணவு செலுத்தலாம். குழாய் என்றதும் கடைசிக் கட்டம் என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. வாய், தொண்டைப் புற்றுநோய்களில் கதிர்வீச்சு முடியும்வரை உடலைத் தாங்குவதற்கே பலருக்கு அது பொருத்தப்பட்டு, புண் ஆறி விழுங்கும் திறன் திரும்பியதும் எடுக்கப்படுகிறது.