கைக்கு எட்டாத அவசரப் பை: நிலநடுக்கத்துக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலநடுக்கத்துக்கென்று வீட்டில் ஓர் அவசரப் பை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் கூடிவருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் முதல்முறை தயார் செய்கிறவர்கள் வரிசையாக ஒரே குழியில் விழுகிறார்கள். டார்ச் வாங்க மறப்பது, பிஸ்கட் காலாவதியாவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் அவை கிடைத்துவிடும். பட்டியல்கள் சொல்லாமல் விடுகிற தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

## எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு உள்ளே வைப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் கோபம் வருகிறது. பார்த்துப் பார்த்து வாங்கிய பொருள்கள், உறுதியான பெட்டி, மூடியில் அழகாக ஒட்டிய பட்டியல். பெட்டி இருப்பதோ பரணில். இல்லையென்றால் பீரோவுக்குப் பின்னால், அதுவும் இல்லையென்றால் கடைசி அறையில் துணி மூட்டைகளுக்கு அடியில். பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தார்களாம். நிலம் ஆடி ஓய்ந்த பிறகு அது நீங்கள் பழகிய வீடாக இருக்காது என்பதை யோசிக்கவே இல்லை.

சுவர் கொஞ்சம் கோணினாலே கதவின் நிலை நெளிந்துவிடும். கதவு இறுகிக்கொண்டு, எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. சுவரோடு பிணைக்காத பீரோவும் புத்தக அலமாரியும் குப்புற விழுந்து நடைவழியை அடைக்கும். உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒரு சிறிய அலமாரி சாய்ந்தால் போதும், அந்த அறை பூட்டியதற்குச் சமம். பரணில் ஏற்றிய கனமான பெட்டி நீங்கள் எடுக்கும்வரை காத்திருக்காது. ஆட்டத்திலேயே கீழே இருப்பவர் தலையில் இறங்கும். இதோடு மின்சாரம் போயிருக்கும். தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு.

நிலநடுக்கம் வரும் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். 1994 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் அதிகாலை 4:31. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபேயில் 5:46. 2023 பிப்ரவரியில் துருக்கியில் 4:17. மூன்றிலும் பெரும்பாலானவர்கள் படுக்கையில் இருந்தார்கள். வெறுங்காலோடு, இருட்டில், தூக்கக் கலக்கத்தில் எழுந்த ஒருவர் கைநீட்டி எடுக்க முடிகிற பைதான் அவசரப் பை.

"அப்புறம் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் முதல் நிலநடுக்கம் வந்தது. மே 12 அன்று 7.3 அளவில் இன்னொன்று. முதல் ஆட்டத்தில் விரிசல் விட்டு எப்படியோ நின்ற கட்டடம் அடுத்த ஆட்டத்தில் இறங்கிவிடலாம். வெளியே தப்பி வந்தவரை மறுபடி உள்ளே இழுக்கிற இடத்தில் பை இருக்கவே கூடாது.

ஆகவே பொருள்களைப் பிரியுங்கள். மூன்று இடங்கள் வேண்டும்.

முதலாவது, ஒவ்வொருவர் கட்டில் காலிலும் ஒரு சிறிய துணிப்பை. அதற்குள் கனமான அடிப்பாகமுள்ள ஷூ, காலுறை, தோல் கையுறை, சிறிய டார்ச், விசில், பழைய மூக்குக்கண்ணாடி இருந்தால் அது. உடைந்த கண்ணாடி காலைக் கிழிப்பது நிலநடுக்கத்தில் அடிக்கடி நேரும் காயங்களில் ஒன்று. பாதம் கிழிந்தவர் குழந்தையைத் தூக்கவும் முடியாது, படி இறங்கவும் முடியாது. ஷூவைக் கட்டிலுக்கு அடியில் சும்மா விட்டுவைக்கிறார்கள். ஆட்டத்தில் அது அறையின் மறுகோடிக்கு நழுவிப் போகும். போகாவிட்டால் வாய் திறந்திருப்பதால் உள்ளே சில்லு விழுந்துகிடக்கும். பையின் வாயைச் சுருக்கி, கட்டில் காலில் உருவு முடிச்சாகக் கட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையை அவிழ்க்கச் சொல்லுங்கள். அவிழ்க்கத் தெரியவில்லையென்றால் முடிச்சை மாற்றுங்கள்.

இரண்டாவது, வெளிவாசலை ஒட்டி, தரைமட்டத்தில், தோளில் மாட்டும் பை. அதன்மேல் விழக்கூடிய எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. முதலுதவிப் பொருள்கள், மருந்து, ரேடியோ, என்95 முகக்கவசம், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, ஒரு போர்வை, ஆவண நகல்கள் எல்லாம் இதில் போகும்.

மூன்றாவது, நாள்கணக்கில் தேவைப்படும் இருப்பு. தனிக் கொட்டகையோ வெளிப்புற அலமாரியோ இருந்தால் அங்கே. காரில் வைப்பதானால் மருந்தையும் பேட்டரியையும் வைக்க வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும்.

இன்னொன்று. நிலம் ஆடிக்கொண்டிருக்கும்போது பையைத் தேடி ஓடாதீர்கள். மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பை, ஆட்டம் நின்ற பிறகு.

## பையைத் தூக்கிப் பார்க்காதது

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் அடிப்படைச் சுத்தத்துக்கும் சேர்த்து சுமார் 4 லிட்டர் வேண்டும். 4 பேர், 3 நாள் என்றால் 48 லிட்டர், அதாவது 48 கிலோ. இதை யாரும் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்க முடியாது. பையைக் கட்டியதும் மாட்டிக்கொண்டு, மின்தூக்கியைத் தொடாமல், மாடியிலிருந்து தெருவரை ஒருமுறை இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் எதை வெளியே எடுக்கலாம் என்று அப்போதே தெரியும். பெரும்பாலும் பாட்டிலைக் குறைக்க வேண்டியிருக்காது. கத்தி, கோடரி, கூடாரம் என்று ஆசையாகச் சேர்த்தவைதான் கனக்கும்.

## தண்ணீரைக் கண்ட பாத்திரத்தில் சேமிப்பது

பால், பழச்சாறு வந்த கலன்கள் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் கிருமிக்குத் தீனி. கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக் கேன்களில், ஒருவர் தூக்கக்கூடிய 5 அல்லது 10 லிட்டர் அளவில், நிரப்பிய தேதியை எழுதித் தரையில் வையுங்கள். பெட்ரோல், பெயிண்ட், பூச்சிமருந்து பக்கத்தில் இருக்கக் கூடாது. அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவித் தண்ணீரில் கலக்கும். வீட்டில் நிரப்பியதை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சேமித்தது தீர்ந்துவிட்டால் வாட்டர் ஹீட்டர் தொட்டியில் உள்ளது உங்கள் தண்ணீர். முதலில் அதன் மின்சாரத்தையோ எரிவாயுவையோ அணைத்து, உள்வரும் குழாயை மூடுங்கள். தொட்டி ஆறட்டும். பிறகு எங்காவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறக்க வேண்டும். மேலே காற்று நுழைய வழி இல்லையென்றால் கீழே தண்ணீர் வராது. பலர் இங்கேதான் தொட்டி காலி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

சந்தேகமான தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதி வந்த பின் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பு மூட்ட வழியில்லையென்றால் வாசனையோ வேறு சேர்மானமோ இல்லாத, துணி வெளுக்கும் திரவ பிளீச் (5 முதல் 9 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்), லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி 30 நிமிடம் விடுங்கள். அதற்கு ஒரு சொட்டுக் குழாய் பையில் இருக்க வேண்டும். பிளீச்சும் நாள்பட வீரியம் இழக்கும், ஆண்டுக்கு ஒருமுறையாவது புதிது வாங்குங்கள்.

## மெழுகுவர்த்தி

சேர்க்காதீர்கள். கசியும் எரிவாயுவுக்கு ஒரு பொறி போதும்.

## எரிவாயுவை மூடப் பழகாதது

வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதை மூட ஸ்பேனர் வேண்டியிருந்தால், அந்த ஸ்பேனரை வால்வுக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கருவிப் பெட்டிக்குள் இருந்து பயனில்லை. வாடை அடித்தால் மின் சுவிட்சைத் தொடாமல், வால்வு கைக்கு எட்டினால் மட்டும் மூடிவிட்டு, வெளியே வந்துவிடுங்கள். குழாய்வழி எரிவாயு என்றால் மூடியதை நீங்களாகத் திறக்கக் கூடாது. அந்தத் துறை ஆள் வந்து கசிவைச் சோதித்த பிறகுதான்.

## பேட்டரியை டார்ச்சுக்குள்ளேயே விடுவது

ஆல்கலைன் பேட்டரி மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்து, டார்ச்சையே கொன்றுவிடும். பேட்டரியை டார்ச்சின் வெளிப்புறத்தில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். கட்டில் காலில் உள்ள டார்ச் மட்டும் விதிவிலக்கு, அதை இருட்டில் பொருத்திக்கொண்டிருக்க முடியாது. அதில் லித்தியம் பேட்டரி போடுங்கள். பவர் பேங்க் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும், 3 மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

## மருந்துச் சீட்டு இல்லாத மருந்து

7 நாள் மருந்தைப் பையில் வைக்கிறார்கள், அது என்ன மருந்து என்று எழுதி வைப்பதில்லை. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, ஒவ்வாமை, ரத்தப் பிரிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். மருந்து சாப்பிடுபவரே மயங்கிக் கிடக்கும்போது அந்தத் தாள்தான் பேசும். குளிரில் வைக்க வேண்டிய மருந்தைப் பையில் வைக்க முடியாது. அதற்கான குளிர்ப்பையைக் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியிலேயே மாட்டிவையுங்கள்.

## கழிப்பறையை மறப்பது

கழிவுக் குழாய் உடைந்திருந்தால் மேலே ஊற்றுவது கீழ்வீட்டில் பொங்கும். ஒரு மூடியுள்ள வாளி, தடித்த பெரிய பிளாஸ்டிக் பைகள், மரத்தூள் அல்லது பூனைக்கான மண் (வளர்ப்புப் பூனை மலம் கழிக்க வைக்கும் ஈரம் உறிஞ்சும் மண்) போதும். வாளிக்குள் பையை இரட்டையாகப் போடுங்கள், ஒவ்வொரு முறையும் மேலே தூளைத் தூவுங்கள்.

## பெரிய நோட்டுகள்

சில்லறையாக வையுங்கள். ஏடிஎம்மும் கார்டும் வேலை செய்யாத நாளில் மீதி தர யாரிடமும் இருக்காது.

## எண்களைப் போனில் மட்டும் வைத்திருப்பது

காகிதத்தில் எழுதுங்கள். வெளியூரில் உள்ள ஒருவர் எண்ணை எல்லோருக்கும் பொது எண்ணாக வையுங்கள். உள்ளூருக்குள் கிடைக்காத இணைப்பு வெளியூருக்குக் கிடைக்கலாம். அழைப்பதைவிடக் குறுஞ்செய்தி போய்ச்சேரும் வாய்ப்பு அதிகம்.

## கட்டியதோடு மறப்பது

6 மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும் அன்றே மற்றவற்றையும் பாருங்கள். உணவை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதிதை வையுங்கள். டின் இருந்தால் திறப்பான் இருக்கிறதா? குழந்தையின் ஷூவைக் காலில் போட்டுப் பாருங்கள், பல வீடுகளில் அது இரண்டு அளவு சின்னதாகியிருக்கும்.