பெல்டியர் மாட்யூலை வெறும் ரெசிஸ்டராக நினைத்தால்

கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடுதான் பெல்டியர் மாட்யூல். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பெல்டியர் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது டிஇசி1-12706. 40 மி.மீ. சதுரம், உள்ளே 127 ஜோடி குறைகடத்தித் துண்டுகள், 6 ஆம்பியர் வகை. ஜோடிக் கணக்கும் ஆம்பியரும் பெயரிலேயே இருக்கின்றன.

வாங்கியதும் மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்ப்பதில்தான் முதல் தவறு. சுமார் 2 ஓம் காட்ட வேண்டியது 30 காட்டும், சற்று நேரத்தில் மைனஸுக்கு இறங்கும். பீஸ் போய்விட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். பிடித்திருக்கும் விரலின் சூடுதான் காரணம். இரண்டு பக்கத்துக்கும் 1 டிகிரி வித்தியாசம் வந்தாலே மாட்யூல் தானாக 50 மில்லிவோல்ட் அளவுக்கு உற்பத்தி செய்யும். மீட்டர் அனுப்புவதோ ஒரு மில்லிஆம்பியர் அல்லது அதற்கும் கீழே. 2 ஓமில் அது உண்டாக்குவது 2 மில்லிவோல்ட். 50-க்கு நடுவே அந்த 2 எங்கே தெரியும்?

இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே மாட்யூலை வைத்து, கை படாமல் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு முறை அளந்து, புரோப்பை மாற்றிப் பிடித்து மறுபடி அளந்து, சராசரி எடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் ஏசியில் அளக்கும் எல்சிஆர் மீட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆக உள்ளே இருப்பது 2 ஓம் ரெசிஸ்டரும், அதோடு தொடராக, நாம் கொடுக்கும் வோல்டேஜை எதிர்க்கும் ஒரு பேட்டரியும். ஆன் செய்த நொடியில் வெப்ப வித்தியாசம் இல்லாததால் 12 வோல்ட்டுக்கு 6 ஆம்பியர் ஓடும். வித்தியாசம் 40 டிகிரி ஆனதும் எதிர் வோல்டேஜ் 2 ஆகி, கரண்ட் 5-க்கு இறங்கும். ஓடும்போது 5 ஆம்பியர்தானே என்று 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கினால் ஸ்டார்ட்டிலேயே அது கட் ஆகி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். 10 ஆம்பியர் யூனிட் போடுங்கள். குளிர்ந்த நிலையில் சட்டென்று போலாரிட்டியைத் திருப்புவது இன்னும் மோசம். அப்போது அந்த 2 வோல்ட் உங்களுடைய 12-உடன் சேர்ந்துகொள்ளும். கரண்ட் 7-ஐத் தொடும்.

“இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் ஏற்றினால் இன்னும் குளிரும்” என்ற நினைப்புதான் அதிகம் ஏமாற்றுவது. குளிர்ச்சி கரண்டுக்கு நேர்விகிதத்தில் ஏறும். உள்ளே பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், அதில் பாதி குளிர்ப்பக்கமே வந்து சேரும். வெப்ப வித்தியாசம் 30 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரே மாட்யூலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 63 வாட் தின்று சுமார் 33 வாட் குளிர்ச்சி தரும். இரண்டைச் சீரிஸில் மாட்டி அதே 12 வோல்ட் கொடுத்தால் 27 வாட் தின்று 25 வாட் தரும். சூட்டுப்பக்கத்தில் ஒட்டும் ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றில் விடும் உலோகத் துண்டு) வெளியேற்ற வேண்டியது முதலாவதில் 96 வாட், இரண்டாவதில் 52. ஒரு வாட்டுக்கு 0.3 டிகிரி ஏறும் சிங்க்கில், 36 டிகிரி சென்னை மதியத்தில், முதலாவதன் சூட்டுப்பக்கம் 65-ஐத் தொடும். இரண்டாவது 52-லேயே நிற்கும். அந்த 65-இல் நாம் வைத்துக்கொண்ட 30 டிகிரிக் கணக்கே கவிழ்ந்துவிடும். இரண்டாவது மாட்யூலுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

குளிர்ச்சியைக் குறைக்க வெறும் பிடபிள்யூஎம் (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்வது) போடுவதும் இதே கணக்கில் அடிவாங்கும். 6 ஆம்பியரை 50 சதவீதத்தில் வெட்டினால் சராசரி 3 ஆம்பியர்; ஆனால் உள்ளே பிறக்கும் சூடு 36 வாட். நேராக 3 ஆம்பியர் கொடுத்திருந்தால் 18. காயிலும் கெபாசிட்டரும் சேர்த்து அலையைச் சமப்படுத்துங்கள், அல்லது கரண்ட் செட் செய்யக்கூடிய பக் கன்வெர்ட்டரை (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சர்க்யூட்) வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்க் இல்லாமல் “சும்மா ஒரு டெஸ்ட்” என்று 12 வோல்ட் கொடுக்காதீர்கள். பல மாட்யூல்களின் உள்ளே துண்டுகளை இணைக்கும் சால்டர் 138 டிகிரியில் உருகும். அதற்கு அதிக நேரம் ஆகாது. எந்தப் பக்கம் குளிரும் என்று பார்க்க ஒரு 1.5 வோல்ட் செல் போதும்.

கடைசியாக, நம் ஊர் ஈரப்பதம். குளிர்ப்பக்கம் 15 டிகிரி என்றால் வருடத்தின் பெரும்பகுதி அதில் தண்ணீர் கோக்கும். விளிம்பில் சிலிக்கான் அடைப்பு இல்லாத மாட்யூலில் அது துண்டுகளுக்கு நடுவே இறங்கி, ஓடும் கரண்டோடு சேர்ந்து இணைப்புகளை அரிக்கும். புதிதில் அளந்த ஓம் மதிப்பைச் சிங்க்கின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். 2.0 இருந்தது பிறகு 2.4 காட்டினால் உள்ளே இணைப்பு விரியத் தொடங்கிவிட்டது. மாற்று மாட்யூல் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.