விருப்பு வாக்கு வீணாகாமல் புள்ளடி இடுவது எப்படி?

இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனம், திகாமடுல்லைக்கு (அம்பாறை மாவட்டம்) 7. ஒவ்வொரு பட்டியலிலும் ஆசனத்தைவிட 3 பேர் கூட நிற்பார்கள். ஆகவே விருப்பு இலக்கங்கள், அதாவது நாம் விரும்பும் வேட்பாளரைக் குறிக்கும் இலக்கங்கள், மட்டக்களப்பில் 8 வரையும், அம்பாறைப் பக்கம் 10 வரையும் போகும்.

முதலில் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு எதிரே ஒரே ஒரு புள்ளடி (X). பிறகு அதே பட்டியலின் வேட்பாளர் இலக்கங்களில் அதிகபட்சம் மூன்றின் மேல் புள்ளடி. ஜனாதிபதித் தேர்தல் பழக்கத்தில் 1, 2, 3 என்று எழுத வேண்டாம்.

நான்கு இலக்கங்களில் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குகள் போய்விடும். கட்சியை விட்டுவிட்டு இலக்கங்களில் மட்டும் போட்டால், அல்லது இரண்டு கட்சிக்குப் போட்டால், முழுச் சீட்டுமே நிராகரிப்பு. சீட்டில் பெயரோ கையொப்பமோ வைத்தாலும் அப்படித்தான்.

மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் முதலிலேயே போகும். 5 வீதத்துக்குக் குறைவாக வாக்கு எடுத்த கட்சிகளும் குழுக்களும் கழிக்கப்படும். மட்டக்களப்பில் மிஞ்சுவது நாலே ஆசனம் என்பதால், சிறு குழுக்களாகச் சிதறும் வாக்குகள் பெரும்பாலும் ஆசனமாக மாறுவதில்லை; இதை வீட்டில் பேசி முடிவெடுங்கள். தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள். வாக்காளர் அட்டை மட்டும் போதாது.