தேயிலைத் தோட்டத்து மண் தடத்தில் சைக்கிள் இறக்குவது எப்படி

கோத்தகிரி – மேட்டுப்பாளையம் தார் ரோட்டில் தைரியமாக இறங்குகிறவர்கள்கூட, தேயிலைக்கு நடுவே போகும் மண் தடத்தில் தடுமாறுகிறார்கள். தாரில் டயரின் பிடிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மண்ணில் பத்தடிக்கொரு முறை மாறும்: பொடிக்கல், ஈரச் செம்மண், சில்வர் ஓக் சருகு, பாசி பிடித்த சிமென்ட். இங்கே ஆளைக் கவிழ்ப்பது வேகம் என்பதைவிட, பிரேக்கைத் தப்பான இடத்தில் பிடிப்பதுதான்.

முதலில் காற்று. கடையில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து 45, 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து விடுவார்கள். அந்த டயர் மண்ணில் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். துள்ளி அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது, ஹேண்டிலும் கிடையாது. 70 கிலோ ஆளுக்கு, 29 இன்ச் சக்கரத்தில் 2.2 இன்ச் அகல டயர் என்றால், ட்யூப் போட்டிருந்தால் முன்னால் 26, பின்னால் 29. ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 21, பின்னால் 24 என்று ஆரம்பிக்கலாம். ட்யூப் வைத்துக்கொண்டு இதற்கும் கீழே போனால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். கோவையில் அடித்த காற்று 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் கேஜில் இரண்டரை பிஎஸ்ஐ போலக் கூடிக் காட்ட வேண்டும். ஆனால் குளிர் அதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். வெயில் நாளில் கணக்கு மாறும். மேலே வந்து ஒரு தடவை அளந்து பார்ப்பதே நல்லது.

இறங்குவதற்கு முன் சீட்டை 5 முதல் 8 சென்டிமீட்டர் தாழ்த்துங்கள். பழைய உயரத்தில் கம்பியில் ஒரு டேப் ஒட்டி வைத்தால் ஏற்றத்தில் திரும்ப அளக்க வேண்டியதில்லை. முன் ஃபோர்க்கில் லாக்அவுட் (சஸ்பென்ஷன் ஆடாமல் பூட்டும் திருகு) இருந்தால் திறந்து விடுங்கள். ஏறும்போது பூட்டியதை மறந்துவிட்டு, "சஸ்பென்ஷன் சரியில்லை" என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு. பிரேக் லீவரை ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் எட்டுகிற தூரத்தில் வையுங்கள். மற்ற மூன்று விரல் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும். எந்தக் கை முன் பிரேக் என்பதையும் கிளம்புமுன் பாருங்கள். இங்கே விற்கிறவற்றில் பெரும்பாலும் வலது. வெளிநாட்டு அமைப்பில் வருபவற்றில் இடது. இரவல் சைக்கிளில் இது தெரியாமல் இறங்கக் கூடாது.

இனி உடம்பு. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, குதிகால் கொஞ்சம் தாழ்ந்து, முழங்கால் மடங்கி, முழங்கை வெளிப்பக்கம் விரிந்து, தாடை ஹேண்டிலின் நடுக்கட்டைக்கு மேலே. எடை முழுக்கக் காலில். கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். செங்குத்தைப் பார்த்த பயத்தில் எல்லோரும் செய்வது, சீட்டுக்குப் பின்னால் தொங்கிப் போவது. பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஆனால் முன் சக்கரத்தின் மேல் எடை இல்லாமல் போகிறது. எடை இல்லாத சக்கரம் திரும்பவும் செய்யாது, நிற்கவும் செய்யாது. கையும் நீட்டி விறைத்திருப்பதால் ஒவ்வொரு அதிர்வும் நேராகத் தோளுக்கு வரும். சரியாக நிற்கிறோமா என்று தெரிந்துகொள்ள, லேசான இறக்கத்தில் ஒரு நொடி உள்ளங்கையைப் பிடியிலிருந்து தளர்த்திப் பாருங்கள். உடம்பு முன்னால் விழவும் கூடாது, பின்னால் இழுக்கவும் கூடாது.

பிரேக்குக்கு வருவோம். டயருக்கு இருப்பது ஒரே ஒரு பிடிப்பு. நிற்பதற்கும் திரும்புவதற்கும் அதையே பங்குபோட வேண்டும். ஆகவே நேரான, உறுதியான மண்ணில் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வேர், ஈரப் பாறை, பாசி வரும்போது விட்டுவிடுங்கள். மனசு நேர் எதிராகச் சொல்லும். வழுக்கும் இடம் வந்ததும்தான் விரல் இறுகும். பின் பிரேக் மட்டும் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும், வேகம் அவ்வளவாகக் குறையாது. நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் சட்டென்று அமுக்காமல், இறுக்கத்தை மெல்லக் கூட்ட வேண்டும். நீண்ட இறக்கம் முழுவதும் லேசாகப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க் காய்ந்து, பேட் கருகிய வாடை அடிக்கும். ஆயில் பிரேக்கில் லீவர் பஞ்சுபோல உள்ளே போகும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போனால் 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பிடி, முழுதாக விடு. வாடை வந்தால் நின்று ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகலாம்.

கொண்டை ஊசி வளைவில் வெளி விளிம்பிலிருந்து நுழையுங்கள். பிரேக் வேலை வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி அதில் எடையை ஊன்றி, உடம்பைவிட சைக்கிளை அதிகமாகச் சாய்த்து, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

எஸ்டேட் தடங்களில் மழைநீருக்காகக் குறுக்கே வெட்டிய வடிகால்கள் அடிக்கடி வரும். சாய்வாகக் கடந்தால் முன் சக்கரம் உள்ளே சிக்கும். செங்குறுக்காகக் கடக்க வேண்டும். ஒரு மீட்டர் முன்னால் கையும் காலும் மடக்கி சைக்கிளைக் கீழே அமுக்கி, விளிம்பு வந்ததும் முன் பக்கத்தை லேசாக்குங்கள். அந்த நேரத்தில் முன் பிரேக்கில் விரல் இருக்கவே கூடாது.

கவாத்து முடிந்த தோட்டத்தில் வெட்டிய குச்சிகள் தடமெல்லாம் கிடக்கும். ஒன்று பின் கியரில் சிக்கினால் "கட கட" சத்தம் வரும். உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். இன்னும் அரைச் சுற்று மிதித்தால் கியர் மாற்றியே முறிந்து சக்கரத்துக்குள் போய்விடும்.

எஸ்டேட் தடம் தனியார் இடம். ஆபீஸில் கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. புல்வெளிச் சரிவில் எங்கேயுமே வேண்டாம். டயர் கீறிய கோடு அடுத்த மழையில் ஓடையாகிவிடும். விடிகாலையிலும் சாயங்காலத்திலும் தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் நடமாடும். வளைவில் காட்டெருமை நின்றால் மணி அடிக்காமல் நின்று, சைக்கிளைத் திருப்பாமல் அப்படியே மெல்லப் பின்வாங்கி, அதற்கு வழி விடுங்கள்.

பழகுவதற்கு நீண்ட இறக்கம் வேண்டாம். 200 மீட்டர் தடம் ஒன்றை எடுத்து, முதலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுங்கள். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பது ஏறும்போதுதான் கண்ணில் படும். பிறகு நாலைந்து முறை இறங்குங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி. முன்கை இறுகி விரல் லீவரில் நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, மீதி இறக்கத்தைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள்.