மொட்டை மாடியில் வெயில் அடுப்பு

காசிமேட்டில் கருவாடு காய்கிற, ராயபுரம் மாடிகளில் வடாம் காய்கிற அதே வெயிலில் சோறே ஆக்கலாம், சூட்டை வெளியே விடாத ஒரு கண்ணாடி மூடி இருந்தால் போதும். 1767-ல் ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி ஒராஸ் தெ சொசூர் இதைத்தான் செய்து பார்த்தார். கண்ணாடி போட்ட அவருடைய பெட்டிக்குள் சூடு 110 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. ஜெனீவா வெயிலுக்கே அப்படி என்றால் நம்ம ஊர் வெயிலைக் கேட்கவா வேண்டும்!

இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து, சின்னதைப் பெரியதற்குள் வையுங்கள். அடியிலும் சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, அதில் கசக்கிய செய்தித்தாளையோ தேங்காய் நாரையோ அடைத்துவிடுங்கள். உள்சுவரில் அலுமினியத் தாள் ஒட்டி, அடியில் கறுப்பு பெயின்ட் அடித்த தகரம் போடுங்கள். பெயின்ட் வாடை போக ஒரு நாள் முழுக்கக் காலிப் பெட்டியாகவே வெயிலில் கிடக்கட்டும், இதில் அவசரப்படாதீர்கள். மூடிக்குக் கண்ணாடிக் கடையில் 4 மில்லிமீட்டர் கண்ணாடியை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வாங்குங்கள். கறுப்புத் தகரம் வெயிலைக் குடித்துவிட்டு விடுகிற வெப்பத்தைக் கண்ணாடி தடுத்து நிறுத்தும், அதுதான் சூட்சுமம். பெட்டி விளிம்பில் துணிப்பட்டை ஒட்டினால் காற்று கசியாது.

அப்புறம், வெயிலைத் திருப்பி உள்ளே தள்ள அலுமினியத் தாள் ஒட்டிய ஒரு அட்டை வேண்டும். 1870-களில் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்பவர் எட்டுப் பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த அடுப்பு ஒன்று செய்து, ஜனவரி மாதத்திலேயே ஏழு சிப்பாய்களுக்கான சாப்பாட்டை இரண்டு மணி நேரத்தில் சமைத்தார். நமக்கு ஒரு அட்டை போதும், ஆனால் மதியம் கடல்காற்று கிளம்பினால் அது நிற்காது, கயிறு போட்டு செங்கல்லில் கட்டிவிடுங்கள்.

மாடியில் சூரிய மின்பேனல் போட்டு மின் அடுப்பில் சமைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் சூரிய மின்செல், விழுந்த வெயிலில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக மாற்றியது, இன்றைய பேனல்கள் அதைவிட எவ்வளவோ மேல், சரி. ஆனால் சோற்றுக்கு வேண்டியது சூடு. அதை மின்சாரமாக்கி மறுபடி சூடாக்குவது எனக்குச் சுற்றுவழியாகத்தான் படுகிறது.

காலை பத்து மணிக்கு கண்ணாடியில் படிந்த தூசியையும் உப்புப் படிவையும் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். வெளிப்பக்கம் மட்டும் கறுப்படித்த, மூடியுள்ள மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் ஊறவைத்த அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டு டம்ளர். அரை மணிக்கு ஒருமுறை பெட்டியைச் சூரியன் பக்கம் திருப்புங்கள், நடுவில் திறந்து பார்க்காதீர்கள், ஏறிய சூடெல்லாம் போய்விடும். மூன்று மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். கண்ணாடியைத் தூக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், பாத்திரத்தைத் துணி பிடித்தே எடுங்கள்.