மருத்துவக் கஞ்சா: மருந்துச் சீட்டு முதல் அளவு பிடிபடும் வரை

கஞ்சா எல்லா நோய்க்குமான மருந்து அல்ல. டிராவெட், லெனாக்ஸ்-கஸ்டோ போன்ற கடுமையான வலிப்பு நோய்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் வரும் தசை இறுக்கம், கீமோதெரபி தரும் வாந்தி ஆகியவற்றுக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. நாள்பட்ட வலியில் சிலருக்கு ஓரளவு குறைகிறது. தூக்கமின்மை, மனப்பதற்றம் என்று வரும்போது ஆதாரம் மெலிந்துவிடும்.

பல நாடுகளில் வழக்கமான மருந்துகளைப் பார்த்துப் பலன் கிடைக்காத பிறகே இதை எழுதித் தருவார்கள். அதனால் முதல் சந்திப்புக்குப் போகும்போது நோயை உறுதிசெய்த அறிக்கையோடு பழைய மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். "எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை" என்று வாயால் சொல்வது உதவாது. மருந்தின் பெயர், நாளுக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம், ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ ஸ்கிசோஃப்ரீனியா போன்ற மனநோய் வந்திருந்தால் மறைக்காதீர்கள். இதய நோய், கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது ஆகியவற்றையும் அப்படியே சொல்லிவிட வேண்டும். இவற்றில் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள்) உள்ள மருந்தைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

கஞ்சாவில் உள்ள டிஎச்சி, சிபிடி என்ற இரண்டு வேதிப்பொருள்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். போதை, நாடித் துடிப்பு ஏறுவது, வாய் உலர்வது எல்லாம் டிஎச்சியின் வேலை. சிபிடி போதை தராது. ஆனால் சாதுவானது என்று எண்ணிவிட வேண்டாம். கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தை அது குறைத்துவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தம் உறைவது மேலும் தாமதமாகலாம், வலிப்பு மருந்தான குளோபசம் எடுப்பவருக்குத் தூக்கக் கலக்கம் கூடும், உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் ஏறும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரலாம், ஆகவே தொடங்கும் முன்பும் தொடங்கிய பிறகும் இரத்தப் பரிசோதனை தேவை.

மருந்து கைக்கு வந்ததும் முதல் வேலை லேபிளைப் படிப்பது. தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. எண்ணெய்ப் புட்டியில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் டிஎச்சி, எத்தனை மில்லிகிராம் சிபிடி என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். மில்லிக்கு 10 மி.கி. டிஎச்சி உள்ள எண்ணெயில் 2.5 மி.கி. வேண்டுமென்றால் 0.25 மில்லி. அடுத்த முறை கடையில் மில்லிக்கு 25 மி.கி. உள்ள புட்டியைத் தந்தால் அதே 2.5 மி.கி.க்கு 0.1 மில்லி போதும். பழைய பழக்கத்தில் 0.25 மில்லியே இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சொட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம். சொட்டின் பருமன் துளைக்கும் எண்ணெய்க்கும் ஏற்ப மாறும். ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சால் அளந்து, நோட்டில் மில்லிகிராமாகவே எழுதி வையுங்கள்.

விழுங்கும் எண்ணெயும் மாத்திரையும் வேலையைக் காட்ட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். உச்சம் 2 முதல் 4 மணி நேரத்தில். "ஒன்றும் தெரியவில்லையே" என்று நாற்பது நிமிடத்தில் இன்னொரு வேளை எடுப்பவர்கள்தான் மூன்றாவது மணியில் படுக்கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். முதல் முறை இரவில், மறுநாள் வெளிவேலை இல்லாத நாளாகப் பார்த்து, வீட்டில் துணைக்கு ஒருவர் இருக்கும்போது எடுங்கள். மருத்துவர்கள் பெரும்பாலும் டிஎச்சியை 2.5 மி.கி.யில் தொடங்குவார்கள், முதியவர்களுக்கு 1 மி.கி.யிலேயே. பிறகு சில நாள் இடைவெளி விட்டு, அதே சிறு படியாகத்தான் ஏற்ற வேண்டும். பலன் தெரிந்த இடத்தில் நின்றுவிடுங்கள். உச்ச அளவு என்று சொல்லப்பட்டது எல்லைக்கோடுதான், அதைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

சாப்பாட்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் சிபிடி வெறும் வயிற்றில் சேர்வதைப் போல நான்கு மடங்கு வரை உடலில் சேரக்கூடும். ஒருநாள் வெறும் வயிறு, மறுநாள் விருந்துக்குப் பின் என்று மாற்றி மாற்றி எடுத்தால் அளவு ஒருபோதும் பிடிபடாது. உணவோடு என்றால் எப்போதும் உணவோடு.

உலர்ந்த கஞ்சா மொட்டாக எழுதித் தந்திருந்தால் புகைக்கக் கூடாது. எரியும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குப் போகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கான வேப்பரைசரில் 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஆவியை இழுக்க வேண்டும். சில நிமிடங்களில் பிடித்து 2 முதல் 4 மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒரு இழுப்பு, கால் மணி நேரம் காத்திருப்பு, தேவைப்பட்டால் மட்டும் அடுத்தது.

அளவு மீறினால் படபடப்பு, பயம், தலைசுற்றல், வாந்தி வரும். உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், தனியே விடாதீர்கள். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி விழ நேரிடும். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாதது தெரிவது, குழந்தை தெரியாமல் விழுங்கியது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீண்டகாலம் எடுப்பவருக்கு வாந்தி விட்டு விட்டு வந்து, சுடுநீரில் குளித்தால் மட்டும் அடங்கினால், அதற்குக் காரணம் கஞ்சாவாகவே இருக்கலாம். அளவைக் கூட்டினால் வாந்தியும் கூடும். மருத்துவரிடம் சொல்லி நிறுத்துவதுதான் வழி.

டிஎச்சி எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. சாலையில் காவல்துறை செய்யும் உமிழ்நீர்ச் சோதனை மருந்துச் சீட்டைப் பார்ப்பதில்லை, பல இடங்களில் சட்டமும் பார்ப்பதில்லை. அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மயக்க மருந்தின் அளவு இதனால் மாறக்கூடும்.

புட்டியைப் பூட்டிய பெட்டியில், வெளிச்சமும் சூடும் படாமல், அசல் லேபிளோடு வையுங்கள். மிட்டாய் வடிவ மருந்தென்றால் பூட்டு இன்னும் முக்கியம். பிறருக்குப் பகிர்வது குற்றம். வெளிநாடு போகுமுன் அந்த நாட்டின் தூதரகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். சில நாடுகளில் சீட்டு இருந்தாலும் சிறைதான். விமானம் மாறும் இடைவழி நாட்டுக்கும் இதே விசாரணை வேண்டும்.