இரண்டு திரவங்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் படலம்: நீர் வடிக்கும் சேதனச் சட்டக மென்சவ்வு செய்வது எப்படி?

மழை விட்ட மறுநாள் காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பீலியில் (மலை ஊற்று நீர் வந்து விழும் குழாயில்) தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும். அம்மா பழைய பருத்திச் சேலைத் துண்டை மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிப்பார். மண் துணியிலேயே தங்கிவிடும், நிறம் தங்காது. துணி எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்ற அந்தக் கேள்விதான் என்னை இரசாயனவியலுக்கு இழுத்து வந்தது. இங்கே நாம் செய்யப்போகும் மென்சவ்வின் துளை ஏறத்தாழ 1.8 நனோமீற்றர். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு.

சேதனச் சட்டகம் என்றால் காபன், நைதரசன், ஒட்சிசன் போன்ற இலேசான அணுக்களைப் பங்கீட்டுப் பிணைப்பால் கோத்து, ஒழுங்கான துளைகளோடு பின்னிய வலை. 2005இல் ஓமர் யாகியின் குழு இதில் முதலாவதைச் செய்தது. அந்த முதல் வகை ஈரம் பட்டாலே சிதையும், அதனால் தண்ணீர் வடிக்க உதவாது. 2012இல் புனேயில் ராகுல் பானர்ஜியின் குழு கொதிநீரிலும் அமிலத்திலும் தாக்குப்பிடிக்கும் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. நாம் செய்யப்போவது அதைத்தான், ஆனால் தூளாக அல்ல, படலமாக.

வீட்டில் செய்யவேண்டாம். நல்ல காற்றிழுப்புள்ள ஃபியூம் ஹூட், பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, கூடவே அனுபவமுள்ள ஒருவர் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். நாம் கரைப்பானாக எடுக்கும் இருகுளோரோமெதேனின் ஆவி நல்லதல்ல. மெல்லிய கையுறையையும் அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். பரா-பீனைலீன்டையமீன் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் அதே பொருள்தான், தோலில் ஒவ்வாமையைத் தூண்டும்.

சரி, நிறுக்கத் தொடங்கலாம். அல்டிகைட்டு, அமீன் என்பவை ஒன்றையொன்று பிடித்துப் பிணையும் இரண்டு வகை இரசாயனக் கைகள்; அந்தப் பிணைப்புகள்தான் வலையைப் பின்னுகின்றன. மூன்று அல்டிகைட்டுக் கைகள் கொண்ட டிரைபோர்மைல்புளோரோகுளூசினோல் 21 மில்லிகிராம், அதாவது 0.1 மில்லிமூல் (மூல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). இரண்டு அமீன் கைகள் கொண்ட பரா-பீனைலீன்டையமீன் 16 மில்லிகிராம், 0.15 மில்லிமூல். இந்த 2:3 விகிதம் ஏன்? மூன்று கை உள்ள இரண்டு பேருக்கு மொத்தம் ஆறு கை, இரண்டு கை உள்ள மூன்று பேருக்கும் ஆறு கை. எல்லாக் கையும் கோர்த்துவிடும். அமீன் பழையதாகிக் கறுத்திருந்தால் அதைத் தொடாதீர்கள், வெளிறிய நிறத்தில் உள்ளதையே எடுங்கள்.

அல்டிகைட்டை 70 மில்லிலீற்றர் இருகுளோரோமெதேனில் கரைத்து 250 மில்லிலீற்றர் முகவையில் ஊற்றுங்கள். இனிமேல் முகவையை நகர்த்தக்கூடாது, ஆகவே இடத்தை முதலிலேயே தெரிவுசெய்யுங்கள். ஊற்றுவதற்கு முன்பே அடியில் ஒரு துருவேறா எஃகு வலையை வைத்து, அதன் மேல் 47 மில்லிமீற்றர் விட்டமுள்ள தாங்குதாளைப் பரப்பிவிடுங்கள். நீரை உறிஞ்சும் வகை டெஃப்ளோன் தாளாக இருக்கட்டும். பொலிகாபனேற்றுத் தாள் இந்தக் கரைப்பானில் கரைந்துபோகும்.

அமீனை 70 மில்லிலீற்றர் வடித்த நீரில், 57 மில்லிகிராம் பரா-தொலுயீன்சல்போனிக் அமிலத்துடன் சேர்த்துக் கரையுங்கள். இந்த அமிலத்தை வேண்டாத பொருளென்று சிலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இதுதான் கடிவாளம். அமிலம் அமீனை உப்பாக்கிக் கட்டிவைக்கிறது. அமீன் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் விடுபட்டு அல்டிகைட்டைச் சந்திக்கிறது. வேகமாகச் சந்தித்தால் ஒழுங்கில்லாத கட்டிதான் கிடைக்கும். மெதுவாகச் சந்தித்தால் தவறாகச் சேர்ந்த பிணைப்பு உடைந்து, திருத்திக்கொண்டு, மறுபடி சேர நேரம் இருக்கிறது.

இருகுளோரோமெதேன் நீரைவிடப் பாரமானது (மில்லிலீற்றருக்கு 1.33 கிராம்), எனவே அது கீழே இருக்கும். அதன் மேல் 20 மில்லிலீற்றர் வெறும் வடித்த நீரை முகவையின் சுவரோடு ஒழுகவிடுங்கள். இது இடைப்படை. அப்புறம் அமீன் கரைசலைக் குழாயியால் சொட்டுச் சொட்டாக, அதே சுவர் வழியே விடுங்கள். இதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முகவையை மணிக்கூட்டுக் கண்ணாடியால் மூடிவிட்டு 72 மணி நேரம் அப்படியே விடுங்கள். பக்கத்தில் மையநீக்கி ஓடக்கூடாது, மேசையில் யாரும் சாயக்கூடாது. என் முதல் மூன்று படலங்களும் இந்த அதிர்வால்தான் கிழிந்தன. கடைசியில் ஒரு வெள்ளி மாலை தொடங்கி, ஆளில்லாத சனி, ஞாயிறில் வளரவிட்டேன். திங்கள் மாலை பார்த்தபோது இரண்டு திரவமும் தொடும் இடத்தில் செம்பருத்தி இதழ்போல ஒரு படலம். இன்றும் அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறையும்.

இறக்குவது கவனமான வேலை. மேல்நீரில் பெரும்பகுதியை மெல்லக் குழாயியால் எடுங்கள். பிறகு நீண்ட கண்ணாடிக் குழாயியைச் சுவரோரமாக அடிவரை செருகிக் கீழ்த்திரவத்தை உறிஞ்சுங்கள். விளிம்பில் ஒரு சிறு துளை விழும், அதை வெட்டி எறிந்துவிடலாம். திரவம் இறங்க இறங்கப் படலமும் இறங்கித் தாளின் மேல் படியும். எதனோலில் சில மணி நேரம், பிறகு நீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள். உலரவிடாதீர்கள், உலரும்போது நீரின் இழுவிசையே படலத்தை வெடிக்கச் செய்யும். கரைப்பான் கழிவை குளோரீன் கழிவுப் போத்தலில் மட்டும் சேருங்கள். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே மகாவலி ஆறு ஓடுகிறது. தண்ணீரைச் சுத்தமாக்கும் வேலையின் கழிவைக் கழுவுதொட்டியில் ஊற்ற எனக்கு மனம் வராது.

இப்போது சோதனை. படலம் அழகாக இருப்பதால் மட்டும் அது வடிகட்டி ஆகிவிடாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு போதும். புரதச் சாயமிடப் பயன்படும் பிரில்லியன்ற் புளூ ஜி, லீற்றருக்கு 10 மில்லிகிராம் கரைசலாக எடுத்து, வடிகட்டிக் கூட்டில் 1 பார் அழுத்தத்தில் செலுத்துங்கள். வெற்றிடப் பம்பி மட்டும் இருந்தாலும் முடியும், ஆனால் 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றழுத்தமே ஏறத்தாழ 0.8 பார்தான், ஓட்டம் அதற்கேற்பக் குறையும். உடனே நீலம் இறங்கினால் வெடிப்பு இருக்கிறது. நிறமற்று வந்தாலும் அவசரப்படவேண்டாம். புதிய படலம் சாயத்தைத் தன் மேற்பரப்பிலேயே ஒட்டவைத்துக்கொள்ளும்; அது உறிஞ்சுதல், வடித்தல் அல்ல. முதலில் வரும் பகுதியைக் கொட்டிவிட்டு, தொடர்ந்து வருவதை நிறமானியில் அளந்து பாருங்கள். 10இல் 0.5 தான் கீழே வந்தால் 95 வீதம் மறிக்கிறது. மேலே தங்கிய கரைசலின் செறிவு கூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூடாவிட்டால் சாயம் படலத்துக்குள்தான் போயிருக்கிறது.

வெறுந்தேத்தண்ணியால் சோதிக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆசைக்குச் செய்து பாருங்கள், ஆனால் அளவீடாகக் கொள்ளாதீர்கள். தேயிலையில் சிறிதும் பெரிதுமாய்ப் பல மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன, கஃபீன் இந்தத் துளையில் தாராளமாக நுழைந்துவிடும். உப்பு, நைத்திரேற்று, அத்துடன் கிளைபோசேற்று போன்ற சிறிய மூலக்கூறுக் களைகொல்லிகள் ஆகிய எதையும் துளை அளவால் மட்டும் இந்தப் படலம் நிறுத்தாது. பீலி நீரைச் சோதிப்பதானால் முதலில் மணலிலும், அப்புறம் 0.45 மைக்ரோமீற்றர் தாளிலும் வடித்தே செலுத்துங்கள். கலங்கல் நீரின் களி சீக்கிரமே துளைகளை மூடிவிடும். குடிப்பதற்கு இந்த நீர் வேண்டாம். அம்மாவுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்: சேலையில் வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீரே வீட்டுக்கு.

மிஞ்சிய படலங்களை வடித்த நீரில் அமிழ்த்தி, திகதியும் தொகுதி எண்ணும் எழுதி, இருட்டான அலுமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஒன்றை எடுத்து அதே சாயத்தை ஓட்டிப் பாருங்கள்.